ஹாலேக்குப் போன நம்மூர்க் கடிதங்கள்

பொறையாறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

லைப்சிக் குளிர் உனக்கு இதற்குள் பழகியிருக்கும். ஹாலே போகப்போவதாக எழுதியிருந்தாய். போனால் பிராங்கே என்ற பாதிரியார் கட்டிய பழைய அனாதை இல்லத்தை அவசியம் பார்த்துவிட்டு வா. தமிழ் ஓலைச்சுவடிகள் அந்த வளாகத்தில் இருக்கின்றன. நம் பக்கத்து ஊரான தரங்கம்பாடிக்கும் அதற்கும் உள்ள உறவெல்லாம் கடிதத்தில் வளர்ந்ததுதான்.

ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது அவருக்கு 24 வயது நிறையவில்லை. ஊர் அப்போது டேனிஷ்காரர் கையில் இருந்தது. திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரைப் பிள்ளைகளோடு தம் வீட்டுக்கே வரவழைத்து, அந்தப் பொடிசுகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் பழகினார். 1708-க்குள் தாம் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்குக் குறிப்புகளோடு ஒரு பட்டியலே எழுதிவிட்டார். இதையெல்லாம் ஹாலேக்குக் கடிதமாக எழுதிக்கொண்டே இருந்தார். பிராங்கே அவற்றை 1710 முதல் அச்சிட்டார்.

ஆனால் அந்த அச்சுக்கு ஒரு நோக்கம் இருந்தது. மிஷனுக்குப் பணம் கொடுப்பவர்கள் படித்து மனம் இளக வேண்டும். எதைப் போடுவது, எதை விடுவது என்பதை ஹாலேயில்தான் முடிவு செய்தார்கள். தமிழர் வணங்கும் தெய்வங்களைப் பற்றி 1713-இல் சீகன்பால்கு ஒரு பெரிய நூல் எழுதி அனுப்பினார். பிராங்கே அதை அச்சேற்றவில்லை. 1867-இல் சென்னையில்தான் அது வெளிவந்தது.

நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. 1712 முதல் சீகன்பால்குவும் அவருடைய தோழர் கிரூண்ட்லரும் தமிழர்களுக்கே கேள்விகளை எழுதி அனுப்பிப் பதில் வாங்கத் தொடங்கினார்கள். சாமி, சாதி, கல்யாணம், வைத்தியம், சோதிடம், படிப்பு என்று எல்லாவற்றையும் கேட்டார்கள். வந்தவற்றில் 99 கடிதங்கள் ஜெர்மனில் பெயர்க்கப்பட்டு 1714-லும் 1717-லும் ஹாலேயில் அச்சாயின. தமிழரை ஐரோப்பியர் மலபாரிகள் என்று அழைத்த காலம் என்பதால் ‘மலபாரிசே கரஸ்பான்டென்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள்.

இந்தியாவுக்கு வந்துபோன வெள்ளைக்காரர்களின் கடிதங்கள் எத்தனையோ உண்டு. வந்தவர் பார்த்ததையும் கேட்டதையும் ஊருக்கு எழுதுவார், அவ்வளவுதான். இதில் இங்கே வாழ்கிறவரே வாய் திறக்கிறார். கிறிஸ்தவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டதற்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் வந்தது. மாட்டைக் கொன்று தின்கிறார்கள், குடிக்கிறார்கள், சுத்தபத்தம் இல்லை, சொல்வதொன்று செய்வதொன்று என்று முகத்துக்கு நேராகவே எழுதினார்கள். கோட்டையும் பீரங்கியும் ஐரோப்பியர் பக்கம் இருந்த காலத்தில் இந்த நெஞ்சுரம் சாதாரணமில்லை. அதை மறைக்காமல் பெயர்த்து அனுப்பியதற்காக அந்த இருவரையும் நான் மதிக்கிறேன். மறுப்பதற்கு அடிக்குறிப்பு போட்டார்கள், வாஸ்தவம்தான். ஆனால் கடிதத்தை விட்டுவைத்தார்கள்.

மனசு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. எழுதியவர்களின் பெயரை அச்சில் போடவில்லை. சீகன்பால்குவின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த அழகப்பன் இவற்றில் பலவற்றை எழுதியிருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் சிலர் கருதுகிறார்கள். தமிழ் மூலங்களோ கிடைக்கவே இல்லை. நம்மவர் எழுதியதை நாம் ஜெர்மன் வழியாகத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

உனக்கு ஜெர்மன் இப்போது நன்றாக வருகிறது. பழைய நடை முதலில் கொஞ்சம் மல்லுக்கட்டும், விட்டுவிடாதே. கிறிஸ்தவர்களைப் பற்றிய அந்தப் பதில்களில் ஒன்றை எடுத்து, நம் வீட்டில் பேசுகிற தமிழிலேயே எழுதி எனக்கு அனுப்பு. அடிக்குறிப்பையும் சேர்த்து எழுது. இரண்டு தரப்பு வாதமும் எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
பெரியப்பா