வாடிவாசலும் கஞ்சாக் கடையும்

டொரண்டோவில் நான் காய்கறி வாங்கும் தெருவிலேயே கஞ்சாக் கடை இருக்கிறது. 19 வயது ஆகாதவர்களுக்கு அனுமதி இல்லை. வெளியே ஆளுக்கு 30 கிராம் வரை கையில் வைத்திருக்கலாம். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சாவுக்குச் சட்டப்படி அனுமதி உண்டு.

தை பிறந்துவிட்டால் எனக்கு அங்கே இருப்புக்கொள்ளாது. மூணாந்தேதி அலங்காநல்லூர் முனியாண்டி கோயிலில் மாடு அவிழ்க்கும்போது நான் ஊரில் இருக்க வேண்டும். இந்தத் தடவை மாமா வீட்டுத் திண்ணையில் கடைக் கதையை எடுத்துவிட்டேன்.

"கவருமெண்டே விக்கிதா மாப்ள?"

"மொத்தமாக் கொடுக்குறது அங்க மாகாண அரசு, மாமா. சில்லறைதான் தனியார்."

"அப்ப டாஸ்மாக்தான்னு சொல்லு" என்று வெற்றிலையைத் துப்பினார்.

பரதேசிகள் சிலும்பி இழுத்ததைப் பார்த்து வளர்ந்தவர் அவர். அந்தக் காலத்தில் அதற்காக யாரும் கோர்ட்டுக்கு அலையவில்லை என்பார். வெள்ளைக்காரன் போட்ட கமிஷனே 1894-இல், அளவாகப் புழங்கினால் பெரிய கேடில்லை, அடியோடு தடுக்க வேண்டாம் என்றுதான் எழுதியது. 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டம் பூவையும் காயையும் கொண்ட நுனியைக் குற்றமாக்கி, தனி இலையை விட்டுவிட்டது. காசியில் பாங்குக் கடை பலகை போட்டு நடப்பது அந்தச் சந்தில்தான். நம் பக்கம் பிடிபடுவதோ ஆந்திர மலையிலிருந்து மூட்டையாக இறங்கும் சரக்கு. 20 கிலோவுக்கு மேல் என்றால் குறைந்தது பத்து வருஷம் உள்ளே. ஒரு கிலோவுக்குள் என்றாலும் ஒரு வருஷம் வரை போடலாம். மூட்டைக்காரனுக்கு வக்கீல் இருப்பார். பொட்டலத்தோடு மாட்டுகிற பயலுக்கு அம்மாவின் தோடுதான் இருக்கும்.

மாமா மகன் குறுக்கே விழுந்தான். "ஜல்லிக்கட்டையுந்தான் 2014-ல தடை பண்ணாய்ங்க. 2017-ல போராடி வாங்கலையா மச்சான்?"

"மாடும் கஞ்சாவும் ஒண்ணாடா?" மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

ஒன்றல்லதான். கஞ்சாவுக்காக இந்த ஊர் தெருவில் உட்காரப் போவதில்லை, உட்காரவும் வேண்டாம். ஆனால் 2017-இல் திரும்பி வந்தது பழைய ஜல்லிக்கட்டா என்ன? இணையத்தில் பதிவு, காளைக்கும் வீரனுக்கும் மருத்துவச் சோதனை, இரட்டைத் தடுப்பு, குடித்துவிட்டு வந்தவனுக்குக் களத்தில் இடமில்லை. தடைக்கும் தறிகெட்டுப் போவதற்கும் நடுவில் இவ்வளவு இடம் இருக்கிறது என்று எந்த வெளிநாட்டையும்விட எங்கள் ஊருக்கே நன்றாகத் தெரியும். தாய்லாந்து 2022-இல் கஞ்சாவுக்குக் கதவைத் திறந்துவிட்டு, விதி எழுத நேரமில்லாமல் திண்டாடி, 2025-இல் மறுபடி மருத்துவச் சீட்டு கேட்க ஆரம்பித்தது.

ஆகவே ஊருக்குள் கடை வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். டாஸ்மாக் பட்ட பாடே போதும். இழுத்தவனை மட்டும் ஜெயிலுக்கு அனுப்பாதீர்கள். சிகிச்சைக்குத் தானாக வருகிற அடிமையை வழக்கிலிருந்து விடுவிக்க 64ஏ என்று ஒரு பிரிவு அதே சட்டத்தில் இருக்கிறது. இதை மாமாவிடம் சொன்னேன்.

"இருக்குன்னு பயலோட ஆத்தாளுக்கு யாரு மாப்ள சொல்றது?" என்றார். "போலீஸா சொல்லும்?"