செங்கிஸ்கான்: மாவீரனா? மாபாவியா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

செங்கிஸ்கான் என்றதும் குதிரைக் குளம்படியும் பற்றியெரியும் நகரமும்தான் நம் மனக்கண்முன் தோன்றும். ஆனால் மங்கோலியாவில் தலைநகர் விமான நிலையத்துக்கே அவன் பெயர்தான்! 2008-இல் குதிரைமீது அமர்ந்த அவன் சிலையை 40 மீட்டர் உயரத்துக்கு அங்கே எழுப்பினார்கள். அதே நாட்டில் சோவியத் செல்வாக்கு ஓங்கியிருந்த காலத்தில் அவனைப் புகழ்வது வம்பை விலைக்கு வாங்குவதாக இருந்தது. 1962-இல் அவனுடைய 800-ஆவது பிறந்த ஆண்டு விழாவுக்கு முன்னின்ற தலைவர் பதவியையே இழந்தார்.

எங்கள் விடுதியில் இந்தப் பேச்சு எழுந்தால் நண்பர்கள் பெரும்பாலும் அவன் பக்கமே. காரணம் எனக்குப் புரிகிறது. தெமுஜின் என்ற அச்சிறுவனுக்கு ஒன்பது வயதில் தந்தை நஞ்சூட்டிக் கொல்லப்பட்டார். உற்றார் கைவிட்டுப் போயினர். தாய் கிழங்கும் காட்டுக்கனியும் தேடிப் பிள்ளைகளை வளர்த்தாள். அந்தப் பிள்ளைதான் 1206-இல் மங்கோலியக் குலங்கள் அனைத்துக்கும் தலைவனானான். பிறப்பைப் பாராமல் திறமையைப் பார்த்துப் படைத்தலைவர்களை அமர்த்தினான். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிப்படி ஏறியிருக்கும் எங்களுக்கு இக்கதை இனிக்காமல் என்ன செய்யும்? நேருவும் சிறையிலிருந்து மகளுக்கு எழுதிய கடிதங்களில் அவன் போர்த்திறனை வியந்திருக்கிறார்.

"அவனைப் பழித்து எழுதியவர்கள் அவனிடம் தோற்றவர்கள்தானே?" என்றும் கேட்பார்கள். இதில் உண்மை இல்லாமலில்லை. 1221-இல் மெர்வ் நகரில் கொல்லப்பட்டோர் 13 லட்சத்துக்கும் மேல் என்று பாரசீகரான ஜுவைனி எழுதியதை ஆய்வாளர்கள் நம்புவதில்லை. எழுதத் தெரிந்தவன் கையில் எழுதத் தெரியாதவன் படும் பாடு எனக்கும் தெரியும். என் தாத்தாவின் பெயர் எழுத்தில் இருப்பது ஒரு கடன் பத்திரத்தில் மட்டும்தான், கைநாட்டுக்குப் பக்கத்தில். அதை மட்டும் படிப்பவருக்கு அவர் வெறும் கடன்காரர்!

ஆயினும் அந்த ஜுவைனி மங்கோலியரின் பகைவர் அல்லர். அவர்களிடமே உயர் பதவி வகித்தவர். அதையும் விடுவோம். மங்கோலியர் தாங்களே எழுதிவைத்த நூல் ஒன்று உண்டு, 'மங்கோலியரின் ரகசிய வரலாறு'. தெமுஜின் தன் மாற்றாந்தாய் மகனை அம்பெய்து கொன்றதை அந்நூல் மறைக்கவில்லை. தாத்தர் இனத்தாரை வென்றபோது, வண்டியின் கடையாணியை விட உயரமான ஆண்கள் அனைவரையும் கொன்றுவிடுவதென முடிவு செய்ததையும் அதுவே சொல்கிறது. எங்கள் ஊர் மாட்டுவண்டியில் கடையாணி என் இடுப்புக்கும் கீழேதான் இருக்கிறது. பால்வாடிக்குப் போகும் பிள்ளை அதைத் தாண்டிவிடும். இதைப் பகைவர் கட்டிய கதை என்று யார் சொல்வது?

"அந்தக் காலத்தில் எந்த அரசன்தான் கொல்லவில்லை?" என்றான் அறை நண்பன் ஒருவன். இருக்கட்டும். அப்படிக் கேட்கும்போது நாம் குதிரைமேல் ஏறிக்கொள்கிறோம் அல்லவா? என் முன்னோர் எந்தப் படையெடுப்பிலும் குதிரைமேல் இருந்திருக்க மாட்டார்கள். செங்கிஸ்கானின் படை ஓர் ஊரைப் பிடித்தால், அங்கே அகப்பட்டவர்களை அடுத்த ஊர் முற்றுகையில் முன்வரிசையில் ஓட்டிச் செல்லும். கோட்டையிலிருந்து வரும் அம்புகளை முதலில் தாங்குவது அவர்கள்தாம். என் தாத்தா அந்நாட்டில் பிறந்திருந்தால் அந்த வரிசையில்தான் நின்றிருப்பார். கடன் பத்திரத்தில்கூட அவர் பெயர் இருந்திராது.