முண்டந்துறைச் சோலையில்

பாபநாசத்திற்கு மேலே, தாமிரபரணியின் நீர்ப்பெருக்கிற்கு ஆதாரமாக விளங்கும் களக்காடு–முண்டந்துறை வனத்தில், உச்சிப்பொழுதிலும் சூரிய கிரணங்கள் தரையைத் தொடத் தயங்கும் சோலையின் விளிம்பில் நின்று, கரிய மேனியும், முகத்தைச் சூழ்ந்த வெண்சாம்பல் பிடரியும், நுனியில் குஞ்சம் கொண்ட வாலும் உடைய சோலைமந்தி ஒன்று, வெடிப்பலாவின் முள் நிறைந்த காயை இரு கரங்களாலும் பற்றிப் பல்லால் பிளந்து, விதையை நிதானமாகத் தின்றதைக் கண்டு பரவசமடைந்தேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையையன்றி உலகில் வேறெங்கும் இயல்பாக வாழாத இந்த ஜீவன், பெரும்பாலும் தரையிறங்காமல் கிளைவழியே சஞ்சரிப்பதாதலால், மரங்களை வீழ்த்தி அகலமான பாதை ஒன்று போட்டாலும் அதன் உலகம் இரண்டாகத் துண்டிக்கப்படுகிறது.

1988-இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமான இவ்வனம், புலியின் பெயரால் மந்தியையும், மழைநீரை உள்வாங்கிச் சிறுகச் சிறுகக் கசியவிடும் மண்ணையும், அந்நீரால் நெல்லைச் சீமையில் விளையும் பயிரையும் சேர்த்தே ரட்சிக்கிறது.

ஆதலால், தரிசனத்திற்கும் தீர்த்தமாடுவதற்கும் அங்கே செல்லும் அன்பர்கள், பரிகாரமென்று ஆற்றில் துணிகளை விடுவதையும், குரங்குகளுக்குத் தீனி இடுவதையும் அறவே விட்டொழித்தல் வேண்டும். நதியைத் தெய்வமென்று தொழுவோர்க்கு அதனினும் மேலான வழிபாடு இல்லை.