ஆயாவின் தொட்டியில் ஒரு புது ரோஜா

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஒருவழியாக செமஸ்டர் முடிந்தது. காஸ்ட் அக்கவுண்டிங் மட்டும் ஆண்டவன் விட்ட வழி. இந்த முறை கிரிக்கெட் இல்லை, சினிமா விமர்சனம் இல்லை. ரோஜாவைப் பற்றி ஒரு பதிவு. உடனே சிரிக்காதீர்கள், காதல் விவகாரம் எதுவும் இல்லை :-)

எங்கள் வீடு ராயபுரத்தில், கல்மண்டபம் மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில். மொட்டைமாடிக்குப் போனால் உப்புக்காற்றும் லாரிப் புழுதியும் இலவசம். காற்று கொஞ்சம் திரும்பினால் காசிமேட்டு மீன் வாசமும் சேர்த்து. அந்த மாடியில் பழைய பெயிண்ட் டப்பாக்களில் ஆயா துளசி, கற்பூரவல்லி, ஒரே ஒரு ரோஜா வைத்திருக்கிறாள். மூன்று வருடத்துக்கு முன் தள்ளுவண்டியில் வந்த செடிக்காரரிடம் அரை மணி நேரம் பேரம் பேசி வாங்கியது. ரத்தச் சிவப்பு, பெரிய பெரிய பூ, வாசனை மட்டும் சுத்தமாகக் கிடையாது. ஆயா முப்பது வருடம் பூ கட்டி விற்றவள். "பாக்க ஷோக்காத்தான் கீது, மோந்து பாத்தா ஒண்ணியும் இல்ல" என்பதுதான் அந்தச் செடிக்கு அவள் கொடுத்த சர்டிபிகேட்.

போன மழைக்குப் பிறகு அந்தச் சிவப்புச் செடியில் ஒரு கிளை மட்டும் வெளிர் ரோஸ் நிறத்தில் பூத்தது. சின்னப் பூ, கொத்தாக. மாடிக் கதவைத் திறந்தாலே வாசனை. எனக்கு அன்றைக்குத் தூக்கம் போச்சு.

கூகுளாண்டவரைக் கேட்டேன். ரோஜாச் செடியில் எப்போதாவது ஒரு மொட்டு தானாகவே மாறி, அந்த ஒரு கிளை மட்டும் வேறு மாதிரி பூக்குமாம். 'ஸ்போர்ட்' என்கிறார்கள். அந்தக் கிளையை வெட்டி ஒட்டுக் கட்டினால் புது ரகம் ரெடி. அமெரிக்காவில் 'டாக்டர் டபிள்யூ. வான் ஃப்ளீட்' என்று ஒரு கொடி ரோஜா, வருடத்துக்கு ஒரே ஒரு முறை பூக்கும். அதில் ஒரு மாற்றம் மட்டும் திரும்பத் திரும்பப் பூத்தது. அதற்கு 'நியூ டான்' என்று பெயர் வைத்து, ஹென்றி போசன்பெர்க் என்ற தோட்டக்காரர் 1931-ல் காப்புரிமை வாங்கினார். செடிகளுக்கென்று அமெரிக்கா கொடுத்த முதல் காப்புரிமையே அதுதான், நம்பர் 1. மனிதர் செய்ததெல்லாம் கண்ணை விழித்துப் பார்த்ததுதான்! நானும் அதைத்தானே செய்திருக்கிறேன் என்று தோன்றுமா தோன்றாதா?

பி.காம் மூளை உடனே எக்செல் ஷீட்டைத் திறந்தது. செடி ஒன்றுக்கு ஐந்து ரூபாய் ராயல்டி, ஓசூர், பெங்களூர், ஊட்டி... வேண்டாம், அந்தக் கணக்கை இங்கே போட்டால் மானம் போய்விடும். ஆனால் சத்தியமாகப் பணம் இரண்டாவது விஷயம்தான். அந்த ரோஜாவுக்கு ஆயா பெயரை வைக்க வேண்டும் என்பதுதான் முதல் ஆசை. ரேஷன் கார்டில்கூட அவள் பெயரில் ஓர் எழுத்து தப்பு. ஒரு பூவிலாவது சரியாக இருக்கட்டுமே.

பெயர் வைக்கும் யோசனை கொடைக்கானலிலிருந்து வந்தது. அங்கே எம்.எஸ். வீரராகவன், கிரிஜா வீரராகவன் என்று ஒரு தம்பதி. அவர் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்து, ரோஜாவுக்காகவே முன்கூட்டி ஓய்வு வாங்கிக்கொண்டவர். (எங்கள் வீட்டில் ஐ.ஏ.எஸ்ஸை விட்டுவிட்டு ரோஜா வளர்க்கிறேன் என்று சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தேன்.) இரண்டு பேரும் சேர்ந்து நூற்றுக்கும் மேல் புது ரோஜாக்களை உருவாக்கியிருக்கிறார்கள். கடைகளில் கிடைக்கும் ஒட்டு ரோஜாக்களில் பெரும்பாலானவை குளிர் நாட்டுக்காரர்கள் தங்கள் ஊருக்காகச் செய்தவை, நம்ம வெயிலில் திணறும். அதனால் இவர்கள் நம் நாட்டுக் காட்டு ரோஜாக்களைத் தேடிப் போனார்கள். ஒன்று மணிப்பூர் மலையில் ஜார்ஜ் வாட் 1882-ல் பார்த்த 'ரோசா ஜைகாண்டியா', மரத்தின் மேல் ஏறிப் படரும் ராட்சசக் கொடி. இன்னொன்று வங்காளம், பீகார் பக்கம் ஆற்றோரம் வளரும் 'ரோசா கிளைனோஃபில்லா', தண்ணீர் தேங்கினாலும் அழுகாமல் நிற்கும். டிசம்பர் மாத ராயபுரத்துக்கு ஏற்ற ரோஜா என்றால் அதுதான்!

இந்தத் தம்பதி 2018-ல் ஒரு ரோஜாவுக்கு வைத்த பெயர் 'ஈ.கே. ஜானகி அம்மாள்'. தலச்சேரியில் பிறந்து, மெட்ராஸில் ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி செய்து, கடைசியில் 1984-ல் நம்ம மதுரவாயலில் காலமான தாவரவியலாளர். செடிகளின் குரோமோசோம்களை எண்ணுவதுதான் அவர் வேலை. அதற்கும் ரோஜாவுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? கடை ரோஜாக்களுக்குப் பெரும்பாலும் 28 குரோமோசோம், நான் சொன்ன காட்டு ரோஜாக்களுக்கு 14. இரண்டையும் சேர்த்தால் வழக்கமாக 21-ல் ஒரு குட்டி பிறக்கும். பூக்கும், ஆனால் விதை வைப்பது பெரும்பாடு. வம்சம் அங்கேயே நின்றுவிடலாம். அதைத் தாண்டி வர வருடக்கணக்கில் விதை போட்டு, நூற்றுக்கணக்கான நாற்றுகளை வளர்த்து, முக்கால்வாசியைத் தூக்கி எறிய வேண்டும்.

எனக்கு அந்தத் தலைவலி இல்லையே, செடியே செய்து கொடுத்துவிட்டதே என்று இருந்தேன். பூவைப் பறித்து ஆயாவிடம் காட்டினேன். மோந்து பார்த்தாள். "இது நம்ம பன்னீர் ரோசுடா நைனா."

"அது மாதிரி கீது ஆயா. இது புதுசு."

"ம்" என்றாள். அவ்வளவுதான்.

பதிவு செய்வது எப்படி என்று தேடினேன். நம் நாட்டில் 2001-ல் தாவர ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. ரோஜா மாதிரிச் செடிக்கு அதிகபட்சம் 15 வருட உரிமை. ஆனால் உரிமை கொடுக்குமுன் மூன்று கேள்வி கேட்பார்கள். ஏற்கெனவே இருப்பவற்றிலிருந்து தனித்துத் தெரிகிறதா? எல்லாச் செடியும் ஒரே மாதிரி இருக்கிறதா? மறுபடி மறுபடி பெருக்கினாலும் அப்படியே நிற்கிறதா? இதற்காகச் செடியை அங்குலம் அங்குலமாக விவரித்து எழுத வேண்டும். இதழ் எத்தனை, இலையில் பளபளப்பு உண்டா, முள் எப்படி, வாசனை எவ்வளவு. 'வெளிர் ரோஸ்' என்று எழுதினால் செல்லாது. உலகம் முழுக்க இதற்கென்று ஒரு வண்ண அட்டைப் புத்தகம் இருக்கிறது, லண்டன் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி போடுவது. பூவை அட்டையோடு வைத்துப் பார்த்து எண் எழுத வேண்டும். விலையைப் பார்த்தேன், மூடிவிட்டேன்.

சரி, அட்டை இல்லாமலே எழுதுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்கேலும் நோட்டுமாக மாடியில் உட்கார்ந்தேன். நடுவில் ஒரு கோடு, இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் ரோஸ். நம்ம டெபிட் கிரெடிட் மாதிரிதான்.

இலை: சிவப்பில் தடிப்பு, கரும்பச்சை, பளபளப்பு. ரோஸில் மெலிசு, வெளிர்பச்சை, பளபளப்பு இல்லை. இங்கேயே லேசாக உதைத்தது. ஸ்போர்ட் என்றால் சாதாரணமாக ஒரு குணம்தான் மாறும், நிறமோ இதழோ. இங்கே இலை வேறு, முள் வேறு, கணு இடைவெளி வேறு. ஒன்றுகூட ஒட்டவில்லை. அப்புறம் நானே எழுதி வைத்திருந்த வரி: 'கிளை தொடங்கும் இடம்'. டப்பாவைத் திருப்பி, மேல்மண்ணை விரலால் விலக்கினேன். தண்டில் வீங்கின மாதிரி ஒரு முடிச்சு. ஒட்டுக் கட்டிய இடம். சிவப்புக் கிளைகள் எல்லாம் அதற்கு மேலே. என் புது ரோஜா முடிச்சுக்குக் கீழே, மண்ணுக்குள்ளிருந்து வந்திருந்தது.

ஒட்டு ரோஜா என்பது இரண்டு செடி. மேலே நாம் காசு கொடுத்து வாங்கிய ரகம், கீழே வேருக்காக வைத்த நாட்டுச் செடி. மேல் செடி சோர்ந்தால் கீழ்ச் செடி தலை தூக்கும். நம் பக்கம் வேருக்கு ரொம்ப நாளாகப் பயன்படுத்துவது எட்வர்ட் ரோஜாவை. மாலைக்குக் கட்டும் அதே ரோஸ். ஆயா மோந்து சொன்ன அதே ரோஸ்.

அதன் கதையையும் தோண்டினேன். 1800-களின் தொடக்கத்தில் இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவில் (அப்போது பூர்போன்) வேலியோரம் சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் யாரையும் கேட்காமல் தானாகவே கலந்து பிறந்த வம்சம் அது. பெயர் 'ரோஸ் எடுவார்'. நம் ஊரில் எட்வர்ட் ஆகிவிட்டார். கப்பலில் வந்த செடி துறைமுகப் பக்கத்து மாடியில் இருப்பது பொருத்தம்தான். என் 'கண்டுபிடிப்பு'க்கு வயது இருநூறு!

ஏற்கெனவே நாலைந்து பேரிடம் பீற்றிக்கொண்டிருந்தேன். வாட்ஸப்பில் ஒருத்தன் இன்றும் "என்னாச்சு மச்சி ராயல்டி?" என்கிறான். இந்தப் பதிவே அவனுக்கான பதில்தான்.

ஆயாவிடம் சொன்னபோது ஆச்சரியமே படவில்லை. "அப்பவே சொன்னேனே." ஏன் அடித்துச் சொல்லவில்லை என்றேன். "நீ சந்தோசமா எழுதிக்கினு இருந்த" என்றாள்.

புத்தகத்தில், ஒட்டுக்குக் கீழே வரும் கிளையை உடனே பிய்த்து எறி, இல்லாவிட்டால் மேல் செடியைக் கொன்றுவிடும் என்றிருக்கிறது. பிய்த்தேன், எறியவில்லை. இன்னொரு பெயிண்ட் டப்பாவில் நட்டேன், பிடித்துக்கொண்டது. இப்போது வெள்ளிக்கிழமை சாமி படத்துக்கு அதிலிருந்துதான் பூ.

இன்னொன்று. தை மாதம் சிவப்பில் ஆறு மொட்டுகளை விரியுமுன் பிரித்து, இதழையும் மகரந்தப் பைகளையும் அம்மாவின் புருவக் கிடுக்கியால் பிடுங்கிவிட்டு (அம்மாவிடம் சொல்லாதீர்கள்), மறுநாள் பன்னீர் ரோஸ் மகரந்தத்தைப் பழைய பெயிண்டிங் பிரஷ்ஷால் தடவி, காகிதப் பை கட்டினேன். ஐந்து உதிர்ந்துவிட்டது. ஒன்று நிற்கிறது, கோலிக்குண்டு அளவுக்குப் பச்சையாக. பழுக்க மூன்று நான்கு மாதம், அப்புறம் விதையை ஈரத்துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் ஆறு வாரம். காம்பில் நூலால் ஒரு அட்டை கட்டியிருக்கிறேன். தேதியும், தாய்ச்செடி தந்தைச்செடி பெயரும் எழுதியாகிவிட்டது. கடைசி வரியை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். நேற்று ஆயா மேலே வந்து கண்ணாடி போட்டு அட்டையைப் பார்த்தாள். "இன்னா எழுதிக்கீற?" என்றாள். படித்துக் காட்டினேன்.