அப்பாவின் காரும் உள்ளங்கையும்

அப்பா வாங்கிய மாருதி 800. கதவு நசுங்கியதும் டிங்கரிங் கடையில் சொன்ன தொகை எங்கள் வீட்டு ஒரு மாத மளிகைச் செலவு. நானே சரிசெய்ய உட்கார்ந்தேன்.

உள்பக்க அட்டையைக் கழற்றி, பள்ளத்தின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டினேன். நடுவில் ஓங்கி அடித்தால் தகடு நீண்டு உப்பிவிடும். பெயின்ட், துரு எல்லாம் போய் வெறும் தகடு தெரியும்வரை தேய்த்தபிறகே பள்ளத்தை நிரப்பும் பட்டி பூசினேன். ஹார்டனர் சேர்த்ததும் சில நிமிடங்களில் இறுகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும். அப்புறம் 80, 180, 320 நம்பர் உப்புத்தாள்களால் தேய்த்தேன். மேடுபள்ளம் கண்ணுக்குப் பிடிபடவே இல்லை. கண்ணை மூடி உள்ளங்கையால் தடவியபோதுதான் தெரிந்தது.

இரண்டு ஞாயிறு போனது. அப்பா கதவைத் தடவிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அது போதும் எனக்கு.

நீங்களும் செய்தால் முகக்கவசம் போட்டுத் தேயுங்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சும். பிரைமர் அடிக்காமல் வண்டியை மழையில் விடாதீர்கள்.