எந்தப் புத்தகம் முதலில்?

பணத்தைப் பெருக்க வழி சொல்லும் புத்தகங்கள் கடைகளில் ஒரு சுவர் நிறைய இருக்கின்றன. 'சிஸ்டம்ஸ் திங்கிங்', அதாவது எதையும் தனித்தனியாகப் பார்க்காமல் ஒன்றோடொன்று பிணைந்த அமைப்பாகப் பார்க்கச் சொல்லும் புத்தகங்கள் ஏதோ ஒரு மூலையில் இரண்டு மூன்று இருக்கும். இரண்டில் எதை முதலில் படிப்பது? என் தங்கை மகன் போன மாதம் கேட்டான். அவனுக்கு இது பொழுதுபோக்குக் கேள்வி அல்ல. ஐம்பத்திரண்டு வயதில் விருப்ப ஓய்வு கொடுத்து, ஒரு தொகையைக் கையில் தந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மகள் பத்தாம் வகுப்பு.

முதலீட்டுக்கு அவன் எடுத்து வைத்திருந்தது பெஞ்சமின் கிரஹாமின் 'தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்'. 1949-இல் வந்த புத்தகம். அதில் 'மிஸ்டர் மார்க்கெட்' என்று ஓர் ஆள் வருகிறார். தினமும் உங்கள் வாசலுக்கு வந்து, உங்களிடம் உள்ள பங்குக்கு ஒரு விலை சொல்வார். ஒரு நாள் குதூகலம், ஒரு நாள் ஒப்பாரி. அவர் சொன்ன விலைக்கு விற்றாக வேண்டும், வாங்கியாக வேண்டும் என்று கட்டாயம் எதுவும் கிடையாது. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதி, பொருளின் மதிப்பைவிடக் கணிசமாகக் குறைந்த விலையில் வாங்குவது. நம் கணக்கு கொஞ்சம் தப்பினாலும் முழுகிப் போக மாட்டோம்.

இன்னொன்று டோனெல்லா மெடோஸ் எழுதிய 'திங்கிங் இன் சிஸ்டம்ஸ்'. அந்த அம்மையார் 2001-இல் காலமானார். புத்தகம் 2008-இல்தான் அச்சாயிற்று. பிரெஞ்சில் படித்து வளர்ந்த எனக்கு இந்தத் துறை புதிதல்ல. ஜோயேல் தெ ரோனே 1975-இலேயே 'லெ மக்ரோஸ்கோப்' என்று ஒரு நூல் எழுதியிருக்கிறார். மிகச் சிறியதைப் பார்க்க மைக்ரோஸ்கோப், மிகத் தொலைவானதைப் பார்க்க டெலஸ்கோப். மிகச் சிக்கலானதைப் பார்க்க ஒரு கருவி வேண்டாமா என்பதுதான் அவர் கேள்வி.

மெடோஸ் குளியல் தொட்டியை வைத்துப் பாடம் நடத்துகிறார். நமக்குப் பாகூர் ஏரி போதும். வரத்து வாய்க்கால், மதகு, நடுவில் நிற்கிற தண்ணீர். தண்ணீரை மட்டும் பார்த்து ஏரியின் நிலையைச் சொல்ல முடியாது. என்ன வருகிறது, என்ன போகிறது என்று சேர்த்துப் பார்க்க வேண்டும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு வேறு உதாரணமும் இருக்கிறது. 1980-களின் கடைசியில் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் கட்டினார்கள். நம் கரையில் மணல் ஆண்டு முழுவதும் கணக்குப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. சுவர் அதைத் தடுத்தது. தெற்கே மணல் குவிந்தது, வடக்கே நகரத்துக் கடற்கரை கரைந்து போனது. துறைமுகம் ஒரு கோப்பு, கடற்கரை வேறொரு கோப்பு. மணலுக்கு அது தெரியாது. குமாஸ்தாவாகவே காலம் தள்ளிய எனக்கு இது நன்றாக விளங்கும்.

தங்கை மகனிடம், "மெடோஸை முதலில் படி" என்றேன். "மாமா, அதுல எந்தப் பங்கை வாங்கணும்னு சொல்லலையே" என்றான். சொல்லாது. ஆனால் எவ்வளவு பணத்துக்குப் பங்கு வாங்கலாம் என்ற கேள்விக்கு வழி காட்டும். ஒரு நோட்டை எடுத்து இருவரும் உட்கார்ந்தோம். மாதச் செலவு சிறிய மதகு. இரண்டு வருடம் கழித்துத் திறக்கப்போகும் கல்லூரிச் செலவு பெரிய மதகு. புதிய வேலையின் சம்பளம் மெலிந்த வாய்க்கால். பத்து வருடம் எந்த மதகும் தொடாத தண்ணீர் எவ்வளவு என்று பார்த்தால், மொத்தத்தில் கால் பங்குதான். முழுவதையும் சந்தையில் போட நினைத்திருந்தவன் முகம் சுருங்கிவிட்டது.

மீதியைத் தூங்கவிடலாம் என்றும் அர்த்தமில்லை. 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால், பணம் இரட்டிப்பாக ஆகும் வருடம் தோராயமாகக் கிடைக்கும். 8 சதவீதம் என்றால் 9 வருடம். இதே கணக்கு விலைவாசிக்கும் உண்டு. அது 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் எல்லாம் இரண்டு மடங்கு. ஏரிக்கு இது கண்ணுக்குத் தெரியாத கசிவு. அதனால்தான் அந்தக் கால் பங்கையாவது வளரவிட வேண்டும். அங்கே கிரஹாம் வருகிறார். முழுவதும் படிக்கப் பொறுமை இல்லாவிட்டால் எட்டாம் அத்தியாயமும் இருபதாம் அத்தியாயமும் போதும். வாரன் பஃபெட்டே சிறப்பாகச் சுட்டியவை அவை.

மிஸ்டர் மார்க்கெட்டுக்கு ஏன் பித்துப் பிடிக்கிறது என்பதற்கும் மெடோஸிடம் விளக்கம் இருக்கிறது. விலை ஏறுவதால் ஆட்கள் வாங்குகிறார்கள், வாங்குவதால் விலை ஏறுகிறது. தன்னைத் தானே ஊதிக்கொள்ளும் வளையம். இறங்கும்போதும் அதே வளையம்தான். இதைத் தெரிந்துகொண்டு கிரஹாமைப் படித்தால், பொறுமையாக இரு என்று அவர் சொல்வது வெறும் உபதேசமாகத் தோன்றாது.

ஆகவே என் வரிசை இதுதான். சேமிப்பு ஒன்றும் இல்லாத இளைஞர்களும், மொத்தமாக ஒரு தொகை கைக்கு வந்தவர்களும் முதலில் தங்கள் ஏரியைப் பாருங்கள். பிறகு விதை வாங்கப் போகலாம்.

என்னைக் கேட்டால், பென்ஷன்காரனுக்கு இனிப் புதிதாக முதலீடு செய்ய அதிகம் இல்லை. கண்ணும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒத்துழைப்பதில்லை. அந்த ஒரு மணி நேரத்தை, பார்த்துப் பழகிய ஊர் ஏன் இப்படி ஆயிற்று என்று புரிந்துகொள்ளச் செலவிடுகிறேன். வட்டி கிடைக்காது. ஆனாலும் லாபம்தான்.