பெருநாள் காசில் வந்த மீன்தொட்டி



2023-ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் ஏப்ரல் 22, சனிக்கிழமையன்று வந்தது. உறவினர்கள் கொடுத்த பெருநாள் காசை எங்கள் பிள்ளைகள் மூவரும் ஒன்றாகக் கொட்டி எண்ணிவிட்டு, மீன்தொட்டி வேண்டும் என்று கேட்டார்கள். ஆளுக்கொன்று கேட்டுச் சண்டையிடுபவர்கள் ஒன்றுபட்டுக் கேட்டதே எங்களுக்கு வியப்பாக இருந்தது. கடலுக்கும் கழிமுகத்துக்கும் நடுவே காட்டுப்பள்ளியில் குடியிருந்துகொண்டு, காசு கொடுத்து மீனைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்ப்பதா என்று நன்னி சிரித்தார். மீனைக் குழம்புச் சட்டியில் மட்டுமே பார்த்துப் பழகியவர் அவர்.

மீன் வளர்ப்பது ஆகுமா என்ற கேள்வி எங்களுக்கு எழவில்லை. மக்தபில் மாலை வகுப்பு நடத்தும் நாங்கள் அபூ உமைரின் செய்தியைப் பலமுறை பாடமாகச் சொல்லியிருக்கிறோம். அனஸ் (ரலி) அவர்களின் தம்பியான அச்சிறுவர் ஒரு சின்னஞ்சிறு குருவியை வளர்த்ததும், நபி (ஸல்) அவர்கள் கனிவோடு அவரிடம் அதைப் பற்றி விசாரித்ததும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளன. ஹிஜ்ரி 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ், அந்த ஒரு செய்தியிலிருந்து மட்டும் 60 பயன்களை எடுத்துத் தனி ஏடாகவே எழுதினார். பறவை வளர்ப்பது கூடும் என்பது அவற்றுள் ஒன்று. ஆகவே ஆதாரம் கையில் இருக்கிறது என்ற நிம்மதியோடு கொளத்தூருக்குப் புறப்பட்டோம்.

கொளத்தூர் வண்ண மீன்களுக்குப் பெயர்போன இடம். அங்குள்ள கடைகளுக்கு மீன் அனுப்புவோரில் பலர் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களில் சிமெண்டுத் தொட்டி கட்டி வளர்ப்பவர்கள் என்பது அன்று எங்களுக்குத் தெரியாது. கடைக்காரர் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியை எடுத்து வைத்தார். வாயைத் திறந்து குமிழி விடும் மண்டையோடு ஒன்றையும் புத்தர் சிலை ஒன்றையும் உள்ளே வைக்கக் காட்டினார். அவை வேண்டாம், கூழாங்கல் போதும் என்றோம். ஃபைட்டர் மீன் ஜோடியாக எடுத்தால் அடித்துக்கொள்ளும், வேடிக்கையாக இருக்கும் என்றார். உயிரினங்களை ஒன்றோடொன்று மோதவிடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூதாவூத், திர்மிதி நூல்களில் வருகிறது, அதையும் மறுத்துவிட்டோம். இவ்வளவு பேணுதலாக இருந்த நாங்கள் கேட்க மறந்த கேள்வி ஒன்றுதான். இன்றே மீனை விடலாமா என்பதை அரைகுறையாகக் கேட்டோம். "தாராளமா விடலாம் பாய், ஒண்ணும் ஆகாது" என்றார். அதை நம்புவது எங்களுக்கும் வசதியாக இருந்தது.

நான்கு கப்பி, நான்கு மோலி, இரண்டு தங்கமீன், தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி ஒரு சக்கர், ஆகப் பதினொன்று. கண்டெய்னர் லாரிகளுக்கு இடையே மணலி புதுநகர், மீஞ்சூர் வழியாகத் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினோம்.

எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் உவர்ப்பு. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே ஏறிவிட்டது. அரை நூற்றாண்டாக ஆய்வாளர்கள் சொல்லிவருவது இது. காட்டுப்பள்ளிக் கடற்கரையிலேயே கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் வகையில் கட்டப்பட்ட நிலையம் 2010-இல் திறக்கப்பட்டது. நாங்கள் குடிப்பதோ கேன் தண்ணீர். விருந்தாளிக்கு நல்லதைத்தானே கொடுக்க வேண்டும் என்று மூன்று கேன்களை வாங்கித் தொட்டியில் ஊற்றினோம். அன்று மாலையே மீன்கள் உள்ளே நீந்தின. பிள்ளைகள் மஃரிபுக்குப் பிறகு ஓதுவதை மறந்து தொட்டி முன்னால் அமர்ந்தார்கள். ஆளுக்கொரு பிடி தீனி போட்டார்கள்.

நான்காம் நாள் தண்ணீர் பால்போல் கலங்கியது. பயந்துபோய் எல்லாத் தண்ணீரையும் கொட்டி, கல்லையும் வடிகட்டிப் பஞ்சையும் சோப்புப் போட்டுக் கழுவிப் புதுக் கேன் தண்ணீர் நிரப்பினோம். எட்டாம் நாள் பஜ்ரு தொழுதுவிட்டு வந்தபோது மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அஸருக்குள் ஒன்பது இறந்துவிட்டன. மறுநாள் மீதி இரண்டும்.

நடு மகளுக்கு அப்போது பத்து வயது. பூனையைக் கட்டிவைத்துத் தீனியும் கொடுக்காமல், தானே தேடித் தின்ன அவிழ்த்தும் விடாமல் சாகவிட்ட பெண்ணின் ஹதீஸை அந்த மாதம்தான் மக்தபில் படித்திருந்தாள். நாங்கள் சொல்லிக் கொடுத்ததுதான். "அத்தா, நாமதான் தீனி போட்டோமே. அப்புறம் ஏன் செத்துச்சு?" என்று கேட்டாள். தீனியே அவற்றைக் கொன்றது என்பது அன்று எங்களுக்குத் தெரியாது. அறியாமல் செய்தது குற்றமாகாது என்று சொல்லிச் சமாதானப்படுத்தினோம். சொல்லும்போதே நாக்குத் தடுமாறியது; அறிந்துகொள்ள வழி இருந்தும் கேட்காமல் விட்டவர்கள் நாங்கள்.

பொன்னேரிப் பக்கம் மீன் வளர்க்கும் ஒரு பெரியவரிடம் தெரிந்தவர் மூலமாகப் போனோம். எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, "தண்ணிக்குள்ள முதல்ல கண்ணுக்குத் தெரியாத வேலைக்காரங்க குடியேறணும் பாய். அவங்களை நீங்க சோப்புப் போட்டு விரட்டிட்டீங்க" என்றார். மீனின் கழிவிலிருந்தும் தின்னாமல் அழுகும் தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அதுவும் நஞ்சுதான். வேறு சில அதை நைட்ரேட்டாக மாற்றும்போதுதான் மீனால் தாங்க முடிகிறது. இந்த நுண்ணுயிர்கள் பஞ்சிலும் கல்லிலும் ஒட்டிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன. கேன் தண்ணீரில் தாது உப்புகள் மிகக் குறைவு. கப்பிக்கும் மோலிக்கும் உப்பும் கடினத்தன்மையும் உள்ள தண்ணீரே ஏற்றது. நாங்கள் வெறுத்து ஒதுக்கிய உவர்நீரை அவை விரும்புமாம். ஹீட்டர் நம் ஊருக்குத் தேவையில்லை, வெயில் காலத்தில் தண்ணீர் சூடேறாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். தங்கமீனும் சக்கரும் இந்த அளவுத் தொட்டிக்கு உரியவை அல்ல; சக்கர் ஓரடிக்கு மேல் வளரக்கூடியது. வளர்ந்ததும் ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த அந்த மீன் இன்று சென்னை நீர்நிலைகளில் பெருகிக் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தப் பேச்சு எங்களை வெகுநாள் யோசிக்க வைத்தது. அந்தப் பெண்ணுக்கு இரண்டு வழிகள் இருந்தன: தீனி கொடுக்கலாம், அல்லது அவிழ்த்து விடலாம். எங்களுக்கு இரண்டாவது வழி இல்லை. எங்கிருந்தோ வந்த மீனைக் கொசஸ்தலை ஆற்றில் விட்டால், அங்குள்ள மீனுக்கும் அதை நம்பிப் பிழைப்பவருக்கும் இடைஞ்சல். வளர்க்க முடியவில்லையென்றால், வளர்க்கத் தெரிந்த ஒருவரிடம் ஒப்படைக்கலாம், அவ்வளவே. மறுபடி வேண்டுமா என்று பிள்ளைகளிடம் கேட்டோம். நடு மகள் மட்டும் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, இந்தத் தடவை மெதுவாகச் செய்யலாம் என்றாள்.

மே நடுவில், பாதி உவர்நீரும் பாதி கேன் தண்ணீருமாக நிரப்பினோம். பெரியவர் தம் தொட்டியிலிருந்து ஒரு பழைய பஞ்சைக் கொடுத்தார். மீன் இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு அழுகவிட்டோம். வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் மீன் எங்கே என்று கேட்டார்கள். வெறும் தண்ணீரைச் சிரத்தையாகக் கவனிக்கும் குடும்பம் என்று அக்கம்பக்கத்தில் பெயரெடுத்தோம். ஆறு வாரம் இப்படியே ஓடியது. சொட்டு மருந்தை விட்டுச் சோதித்ததில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லையென்று தெரிந்த பிறகு, ஜூன் 29 ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த வாரம் மூன்று கப்பிகளை மட்டும் விட்டோம். இரண்டு வாரம் கழித்து இரண்டு மோலிகள். வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீரை மாற்றுவோம். பழைய தண்ணீர் முருங்கைக்குப் போகும். தீனி போடும் உரிமை நடு மகளிடம். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுதான் அவள் போடுவாள். எங்களைக்கூடத் தொடவிட மாட்டாள். செப்டம்பரில் கப்பி குட்டி போட்டது. எண்ணிக்கை பதினேழானது.

டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். மின்சாரம் போய்விட்டது, காற்றுப் பம்பு நின்றது. இரவு முழுக்க முறைவைத்து, தொட்டித் தண்ணீரையே குவளையால் மொண்டு மேலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தோம். தண்ணீர் விழும்போது காற்று கலக்கும். முன்பு சிரித்த நன்னி தஹஜ்ஜுதுக்கு எழுந்தவர், பிள்ளைகள் தூங்கட்டும் என்று சொல்லிக் குவளையை வாங்கிக்கொண்டார். அதே வாரத்தில்தான் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. மீனவர்களின் வலையும் படகும் கறுத்துப் போயின. கரையில் ஒதுங்கிய மீன்களைப் பார்த்துவிட்டு வந்த மூத்தவன் அன்று சாப்பிடவில்லை.

மின்சாரம் வந்ததும் எண்ணிப் பார்த்தோம். பதினாறு இருந்தன. இறந்து கிடந்த குட்டியை நடு மகள் முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்து, பம்பு ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்டாள்.